ஜிம்மர் ஃப்ரெடெட்: கல்லூரி நாயகன் கடல் கடந்த கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜிம்மர் ஃப்ரெடெட் என்று சொன்னால் இரண்டு விதமான பதில் வரும். 2011-இல் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் பார்த்தவர்களுக்குக் கண் விரியும். அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வை மட்டும் பார்ப்பவர்கள், "அவர்தான் ஊத்திக்கிட்டாரே" என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஷாங்காய், ஏதென்ஸ், வியன்னா, பாரிஸ் என்று அதன் பிறகு நீண்ட அவருடைய ஆட்ட வாழ்க்கை பலருக்கும் தெரியாது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

யார் இவர்?

முழுப்பெயர் ஜேம்ஸ் டாஃப்ட் ஃப்ரெடெட். 1989 பிப்ரவரி 25 அன்று, நியூயார்க் மாநிலத்தின் வடக்குப் பக்கம் இருக்கும் க்ளென்ஸ் ஃபால்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தார். 'ஜிம்மர்' அம்மா வைத்த செல்லப்பெயர். அதுவே நிலைத்துவிட்டது. உயரம் 6 அடி 2 அங்குலம். நமக்கு அது நெட்டை, அமெரிக்கக் கூடைப்பந்தில் குட்டை.

அவரை உருவாக்கியதில் அண்ணன் டி.ஜே.க்குப் பெரிய பங்கு உண்டு. பள்ளி நாட்களில் தம்பியை அருகிலிருந்த சிறைச்சாலைகளுக்கு அழைத்துப்போய்க் கைதிகளோடு ஆடவைத்தார். சுற்றி நிற்கும் அத்தனை பேரும் கூச்சல் போட்டாலும் கை நடுங்கக் கூடாது என்பதற்கான பயிற்சி அது. 2007-இல் ஒரு தாளில் ஒப்பந்தம்போல எழுதி, என்.பி.ஏ.வுக்குப் போக வேண்டிய உழைப்பையும் தியாகத்தையும் செய்வேன் என்று தம்பியிடம் கையெழுத்தும் வாங்கினார்.

'கார்டு' என்றால் என்ன? அவர் எந்த வகை?

ஓர் அணியில் கோர்ட்டில் இறங்கும் ஐந்து பேரில் வழக்கமாக இரண்டு பேர் கார்டுகள். பந்தை எடுத்துவந்து ஆட்டத்தை நடத்துபவர் பாயின்ட் கார்டு. வெளியிலிருந்து எறிந்து புள்ளி சேர்ப்பவர் ஷூட்டிங் கார்டு. ஜிம்மர் கல்லூரியில் இரண்டு வேலையையும் சேர்த்தே பார்த்தார். என்.பி.ஏ.வில் அதுவே அவருக்குச் சிக்கலானது. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கல்லூரியில் அப்படி என்ன செய்தார்?

யூட்டா மாநிலம் ப்ரோவோவில் உள்ள பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2007 முதல் 2011 வரை ஆடினார். மார்மன் என்ற கிறிஸ்தவச் சபை நடத்தும் பல்கலைக்கழகம் அது. அதன் அணிகள் ஞாயிற்றுக்கிழமை களமிறங்குவதில்லை. தேசியப் போட்டியின் அட்டவணையே அதற்கேற்றபடி போடப்படும். ஜிம்மரும் அந்தச் சபையைச் சேர்ந்தவர்தான்.

கடைசி ஆண்டில், 2010–11 சீசனில், ஆட்டத்துக்குச் சராசரி 28.9 புள்ளி எடுத்து நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். நெய்ஸ்மித், வுடன் உள்பட அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான முக்கிய விருதுகள் எல்லாம் அவருக்கே போயின. அணி 32 வெற்றி, 5 தோல்வியோடு சீசனை முடித்தது.

2011 ஜனவரி 26-ஐ மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்காத சான் டியேகோ ஸ்டேட் அணி ப்ரோவோவுக்கு வந்தது. அந்த அணியில் காவாய் லியனார்ட் இருந்தார், பின்னாளில் இரண்டு முறை என்.பி.ஏ. இறுதிச்சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் ஆனவர். அன்று ஜிம்மர் 43 புள்ளி எடுத்தார். எதிரணி மொத்தமாக எடுத்ததே 58. என்.பி.ஏ. நட்சத்திரம் கெவின் டுராண்ட் ட்விட்டரில் உச்சி குளிரப் பாராட்டினார்.

அந்த மார்ச்சில் நியூ மெக்ஸிகோ அணிக்கு எதிராக 52.

தேசியப் போட்டியில் கோப்பை வென்றாரா?

இல்லை. போட்டி தொடங்க இரண்டு வாரமே இருந்தபோது, உள்ளே நின்று, கூடையில் விழாமல் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) எடுத்துக்கொடுத்த பிராண்டன் டேவிஸைப் பல்கலைக்கழகம் தன் நன்னடத்தை விதியின்படி சீசனின் மிச்சம் முழுவதற்கும் நிறுத்திவைத்தது. அணியின் முதுகெலும்பே போனது மாதிரி. அப்படியும் வாஃபோர்டு அணிக்கு எதிராக 32, கொன்சாகாவுக்கு எதிராக 34 என்று அடித்து அணியைக் கடைசி 16-க்குள் கொண்டுபோனார். அங்கே ஃப்ளோரிடாவிடம் கூடுதல் நேரத்தில் 83–74 என்று தோற்றார்கள்.

டேவிஸும் பிற்காலத்தில் ஐரோப்பாவுக்குப் போய், பார்சிலோனா போன்ற பெரிய அணிகளில் பேர் வாங்கினார். அந்தக் கல்லூரி அணியின் இரண்டு முக்கியமான பேரும் கடல் கடந்துதான் தங்கள் இடத்தைக் கண்டார்கள்.

என்.பி.ஏ.வில் ஏன் நிலைக்கவில்லை?

என்.பி.ஏ. அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வுதான் டிராஃப்ட். 2011 டிராஃப்டில் பத்தாவதாக அவரை மில்வாக்கி எடுத்து, அன்றைக்கே ஒரு மூன்று அணிப் பரிமாற்றத்தில் சாக்ரமென்டோ கிங்ஸுக்கு அனுப்பியது. அடுத்து பதினோராவதாகப் போனவர் க்ளே தாம்ப்சன், பதினைந்தாவது லியனார்ட், இருவரும் பெரிய நட்சத்திரம் ஆனவர்கள். இந்த வரிசையை வைத்துத்தான் இன்றுவரை ஜிம்மரைக் குத்துகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. எண்ணை மட்டும் பார்த்தால் சூழல் மறைந்துவிடும்.

அந்த ஆண்டு முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் தகராறு நடந்து என்.பி.ஏ. மூடிக்கிடந்தது. கோடைகாலப் பயிற்சி லீக் நடக்கவில்லை. புதிதாக வந்தவர்கள் அணியின் கோச்சோடு பேசக்கூட முடியாத மாதங்கள் அவை. டிசம்பரில் அவசர அவசரமாக 66 ஆட்ட சீசன் தொடங்கியது. ஏழு ஆட்டம் முடிந்ததும் கிங்ஸ் தங்கள் கோச் பால் வெஸ்ட்ஃபாலை நீக்கிவிட்டுக் கீத் ஸ்மார்ட்டைக் கொண்டுவந்தார்கள். அணி வேறு ஊருக்குப் போகுமா, இருக்குமா என்ற பேச்சு வேறு. அதே டிராஃப்டில் கடைசி, அறுபதாவது இடத்தில் வந்த ஐசையா தாமஸ் அதே அணியில் கார்டு இடத்தைத் தட்டிக்கொண்டுபோனார்.

சூழல் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி ஜிம்மருடையது. என்.பி.ஏ. கார்டுகளை எதிர்த்துத் தடுக்கும் அளவுக்குக் கால் வேகம் அவருக்கு இல்லை. கல்லூரியில் பந்து எப்போதும் அவர் கையில் இருந்தது. தானே பந்தைத் தட்டிக்கொண்டு போய், தானே இடம் உண்டாக்கி, தானே எறிவார். என்.பி.ஏ.வில் அந்த உரிமை ஒரு அணியில் ஒருவருக்கோ இருவருக்கோதான் கிடைக்கும். மற்றவர்கள் மூலையில் காத்து நின்று, பந்து வந்த நொடியில் எறிய வேண்டும், எதிராளியையும் தடுக்க வேண்டும். பந்து கையில் இருந்தால் அவர் மேதை. பந்தில்லாத நேரத்தில் சராசரி.

எறிவதை அவர் மறந்துவிடவில்லை. 2012–13-இல், தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி வீச்சில் 40 சதவீதத்துக்கு மேல், 2013–14-இல் 47 சதவீதத்துக்கு மேல் போட்டார். ஆனால் களத்தில் கிடைத்த நேரம் ஆட்டத்துக்குப் பதினொன்றிலிருந்து பதினான்கு நிமிடம்தான். 2014 பிப்ரவரியில் கிங்ஸ் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள, சிகாகோ, நியூ ஆர்லியன்ஸ் என்று அலைந்தார். நியூ ஆர்லியன்ஸில் வீச்சும் கைவிட்டது. மூன்று புள்ளி 20 சதவீதத்துக்கும் கீழே. 2015–16-இல் கீழ்நிலை லீக்கில் வெஸ்ட்செஸ்டர் அணிக்கு ஆடி, அதன் நட்சத்திரங்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். நியூயார்க் நிக்ஸ் பத்து நாள் ஒப்பந்தம் கொடுத்தது. அதற்கு மேல் கதவு திறக்கவில்லை.

அப்போதுதான் சீனாவா?

ஆம். 2016 ஆகஸ்டில் ஷாங்காய் ஷார்க்ஸோடு ஒப்பந்தம் போட்டார். சீனாவின் கூடைப்பந்து நாயகன் யாவ் மிங் வளர்ந்த அணி அது, அப்போது அதன் உரிமையாளரும் அவரே. முதல் சீசனிலேயே ஆட்டத்துக்குச் சராசரி 37.6 புள்ளி, சீன லீக்கின் சிறந்த வெளிநாட்டு ஆட்டக்காரர் விருது. ப்ரோவோவில் இருந்த அதே உரிமை திரும்பக் கிடைத்தது: பந்து உன்னிடம், முடிவும் உன்னிடம்.

73, 75 என்று சொல்கிறார்களே, உண்மையா?

இரண்டும் உண்மை. 2017 பிப்ரவரி 19 அன்று ஜெஜியாங் அணிக்கு எதிராக 73. இரண்டு முறை கூடுதல் நேரம் போன ஆட்டம். 2018 நவம்பர் 18 அன்று பெய்ஜிங்கின் பெய்கோங் அணிக்கு எதிராக 75.

இந்த இரண்டு ஆட்டத்திலும் ஷாங்காய் தோற்றது. இரண்டாவதில் 137–136 என்று ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். 75 எடுத்தும் தோற்றவனின் முகத்தை யோசித்துப் பாருங்கள். தனி ஒருவன் ஒரு அணியை எவ்வளவு தூரம் இழுத்துப்போக முடியும், எங்கே கயிறு அறும் என்பதை இந்த இரண்டு ஆட்டமும் காட்டுகின்றன.

சீன லீக் பலவீனம் என்பதால்தானே இவ்வளவு புள்ளி?

பாதி சரி. அங்கே ஆட்டம் என்.பி.ஏ. போலவே 48 நிமிடம், டிஃபென்ஸ் தளர்வு. ஒவ்வோர் அணியிலும் வெளிநாட்டினர் இவ்வளவு பேர்தான் என்று கட்டுப்பாடு உண்டு. அதனால் வரும் ஓரிருவர் மேல் மொத்தச் சுமையும் விழுகிறது. புள்ளி பெருகுவதற்கு இவை காரணம்தான். 2015-இல் எரிக் மெக்காலம் என்ற இன்னொரு அமெரிக்க கார்டு ஒரே ஆட்டத்தில் 82 எடுத்தார்.

ஆனால் அதே லீக்குக்கு என்.பி.ஏ.விலிருந்து வந்து, இரண்டு மாதத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவர்கள் ஏராளம். மொழி தெரியாத ஊர், நீண்ட பயணங்கள், எதிரணி உன்னை மட்டுமே குறிவைக்கும் ஆட்டத் திட்டம். அத்தனைக்கும் நடுவே முதல் மூன்று சீசனும் 35-க்கு மேல் சராசரி வைத்திருப்பது சின்ன விஷயம் கிடையாது.

'தனிமையின் தெய்வம்' என்ற பட்டம் எங்கிருந்து வந்தது?

சீன ரசிகர்கள் வைத்தது: ஜீமோ தாஷென். 'ஜீமோ' என்றால் சீனத்தில் தனிமை; ஜிம்மர் என்ற பெயரைச் சீன நாக்கில் சொன்னால் கிட்டத்தட்ட அதே ஒலி வரும். 'தாஷென்' என்றால் பெரிய தெய்வம், ஒரு கலையில் கரைகண்டவரையும் அப்படிச் சொல்வார்கள். ஈடு சொல்ல ஆள் இல்லாததால் தனித்து நிற்பவன் என்பது பொருள். குடும்பத்தை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி ஓட்டல் அறையில் கிடந்த ஒரு மனிதனுக்கு அந்தப் பெயர் இரண்டு வகையிலும் பொருந்தியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மறுபடி என்.பி.ஏ.வுக்கு வந்தாரே?

2019 மார்ச்சில் ஃபீனிக்ஸ் சன்ஸ் கூப்பிட்டது. சீன லீக் என்.பி.ஏ.வுக்கு முன்பே முடிந்துவிடும். அதனால் அங்கே ஆடியவர்கள் கடைசி சில வாரங்களுக்கு அமெரிக்கா வந்து ஒப்பந்தம் பிடிப்பது வழக்கமான பாதை. யூட்டாவில் ஆடப்போன இரவில் எதிரணி ரசிகர்களே அவர் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். கல்லூரி நாட்களின் பாசம்.

பாசம் பந்தைக் கூடைக்குள் தள்ளவில்லை. ஆறு ஆட்டத்தில் ஒரு மூன்று புள்ளி வீச்சுகூட விழவில்லை. அத்தோடு என்.பி.ஏ. முடிந்தது.

ஐரோப்பாவில் ஆடினாரா?

2019 கோடையில் ஏதென்ஸின் பனதினாய்க்கோஸ் அணிக்குப் போனார். ஐரோப்பாவின் உயர்மட்டக் கிளப் போட்டியான யூரோலீக்கை அதுவரை ஆறு முறை வென்றிருந்த அணி. ஐரோப்பிய ஆட்டம் 40 நிமிடம்தான், கோச்சின் சொல்லே வேதம், யாருக்கும் 30 எறிவுக்கான உரிமை கிடையாது. ஷாங்காய்க்கு நேர் எதிர். சீசன் நடுவில் அமெரிக்கக் கல்லூரி உலகின் பிரபல கோச் ரிக் பிட்டினோ பொறுப்பேற்றார். 2020 மார்ச்சில் கொரோனா எல்லாவற்றையும் நிறுத்தியது. யூரோலீக் சீசன் கைவிடப்பட்டது. கிரேக்க லீக்கில் முன்னணியில் இருந்த பனதினாய்க்கோஸ் சாம்பியன் என அறிவிக்கப்பட்டது. அதுதான் ஜிம்மரின் லீக் பட்டம்.

அடுத்த சீசன், 2020–21, மீண்டும் ஷாங்காய். தொற்றுக் காலம் என்பதால் அணிகளை எல்லாம் ஜூஜி என்ற ஒரே நகரில் அடைத்துவைத்து ஆட்டங்களை நடத்தினார்கள்.

பொதுவாக, கல்லூரி முடித்தவர்கள் வெளிநாட்டுக்குப் போவது எப்படி நடக்கிறது?

அமெரிக்காவில் முதல் பிரிவில் மட்டும் 350-க்கு மேற்பட்ட கல்லூரி அணிகள். டிராஃப்டில் எடுக்கப்படுவது அதிகபட்சம் 60 பேர், அதிலும் பலர் வெளிநாட்டினர். மீதிப் பேர் ஆட வேண்டுமென்றால் ஐரோப்பா, சீனா, துருக்கி, ஆஸ்திரேலியா, பிலிப்பைன்ஸ் என்று கிளம்ப வேண்டியதுதான். அதனால் 'வெளிநாட்டுக்குப் போனார்' என்பதைத் தோல்வியின் மறுபெயராகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. 2011-இல் ஜிம்மருக்கு ஒரு இடம் முன்னால், ஒன்பதாவதாகப் போய், நான்கு முறை ஆல்-ஸ்டார் ஆன கெம்பா வாக்கர்கூடக் கடைசி சீசனை மொனாக்கோவில்தான் ஆடினார்.

முகவர் வழியாக ஒப்பந்தம் பேசுவார்கள். ஐரோப்பாவில் சம்பளத்தை வரி போகக் கைக்கு வரும் தொகையாகப் பேசுவது வழக்கம். வீடு, கார், விமான டிக்கெட் எல்லாம் பெரும்பாலும் கிளப் பொறுப்பு. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டு லீக்குக்கு மாற, முந்தைய நாட்டுச் சம்மேளனத்தின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். சம்பளம் தராமல் இழுத்தடிக்கும் கிளப்புகளும் உண்டு. அதற்காகவே 2007-இல் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் ஜெனீவாவில் ஒரு நடுவர் மன்றத்தை அமைத்தது. ஒப்பந்தத்தில் அந்த மன்றத்தைக் குறிப்பிட்டிருந்தால் அங்கே வழக்குப் போடலாம். கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

3×3 ஆட்டத்துக்கு ஏன் மாறினார்?

அவருக்காகவே தைத்த சட்டை மாதிரியான ஆட்டம் அது. கூடைப்பந்தின் சின்ன வடிவம்: பாதி கோர்ட், ஒரே கூடை. அணிக்கு நான்கு பேர், அதில் மூன்று பேர் களத்தில், ஒருவர் மாற்று. 10 நிமிடம், அல்லது முதலில் 21 எடுப்பவர் வெற்றி. எறிய 12 நொடிதான் அவகாசம். கோச் பக்கத்தில் உட்கார முடியாது; முடிவுகளை ஆட்டக்காரர்களே எடுக்க வேண்டும்.

முக்கியமான விஷயம் புள்ளிக் கணக்கு. ஐவர் ஆட்டத்தில் உள்ளே 2, வளைவுக்கு வெளியே 3, அதாவது தூர வீச்சுக்கு ஒன்றரை மடங்கு மதிப்பு. 3×3-இல் உள்ளே 1, வெளியே 2. நேராக இரட்டிப்பு! தூரத்திலிருந்து எறியும் கைக்கு இதைவிட நல்ல சந்தை உலகில் இல்லை. கோடு 6.75 மீட்டரில். கல்லூரியில் அவருடைய கடைசி மூன்று ஆண்டும் கோடு 6.32 மீட்டர், அதற்கும் இரண்டு அடி எடுத்து வைத்துப் பின்னால் நின்று எறிந்து பழகியவருக்கு இந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை.

2022-இல் மயாமியில் நடந்த அமெரிக்கக் கண்டப் போட்டியில் தங்கம். 2023-இல் வியன்னா உலகக் கோப்பையில் செர்பியாவிடம் இறுதியில் தோற்று வெள்ளி. அதே ஆண்டு சான்டியாகோவில் பான் அமெரிக்கப் போட்டியில் தங்கம். டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதியே பெறாத அமெரிக்க ஆண்கள் 3×3 அணி, தரவரிசை வழியாகவே பாரிஸுக்கு டிக்கெட் வாங்கியது. என்.பி.ஏ. 'வேண்டாம்' என்று விட்டவர் 34 வயதில் நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு அதைச் சாதித்துக்கொடுத்தார். இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

பாரிஸில் என்ன ஆனது?

2024 ஜூலை 30 அன்று முதல் ஆட்டத்தில் செர்பியாவிடம் தோல்வி. மறுநாள் போலந்துக்கு எதிரான ஆட்டத்தில் ஜிம்மரின் தொடையின் உள்பக்கம் காயம். விதிப்படி, போட்டி தொடங்கிய பின் வேறு ஆளைச் சேர்க்க முடியாது. கேன்யன் பேரி, கரீம் மேடாக்ஸ், டிலன் டிராவிஸ் மூன்று பேரும் மாற்று ஆளே இல்லாமல் மீதி ஆட்டங்களை எல்லாம் ஆடினார்கள். மூச்சு வாங்க ஒருவரும் வெளியே போக முடியாது. லிதுவேனியா, லாத்வியா அணிகளிடம் இரண்டே புள்ளி வித்தியாசத்தில் விழுந்தார்கள். பிரான்ஸையும் சீனாவையும் அந்த மூன்று பேரே வென்றார்கள். இரண்டு வெற்றி, ஐந்து தோல்வி, வெளியேற்றம். தங்கம் நெதர்லாந்துக்குப் போனது. ஜிம்மர் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது என்ன செய்கிறார்?

2025 ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார், 36 வயதில். அமெரிக்க ஆண்கள் 3×3 தேசிய அணியை நிர்வகிக்கும் பொறுப்பு அவரிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அடுத்த ஒலிம்பிக்குக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை.

அவர் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. எங்கே தொடங்கலாம்?

சான் டியேகோ ஸ்டேட்டுக்கு எதிரான அந்த 43 புள்ளி ஆட்டத்தில் தொடங்குங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், அவர் காலைப் பாருங்கள். எறிவதற்கு முன் அரை நொடி தயங்கி எதிராளியைப் பின்னால் சாயவைக்கும் அந்தக் காலடி தெரியும். பிறகு ஷாங்காயின் 73 புள்ளி ஆட்டம், அதன்பின் 2023 வியன்னா இறுதி. பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில், மூன்று கண்டங்களில், அதே காலடி அப்படியே இருக்கும்.